எண்பத்து மூன்றாம் பக்கம்

தப்புச் செய்தவனுக்கு இந்த உலகத்தில் எப்படியும் மன்னிப்பு உண்டு. நாலு வருஷம் போனால் ஊர் மறந்துவிடும். ஆனால், செய்த தப்பை டைப் அடித்து, ரெக்ஸின் அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தில் தன் பெயரையும் பொறித்து, ஐந்து பிரதி எடுத்து, அதில் ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும் வைத்தவனுக்கு மன்னிப்பும் கிடையாது, மறதியும் கிடையாது. அந்தப் புண்ணியவான் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். கரண்டும் கம்ப்யூட்டரும் கலந்த படிப்பு. மதுரைக்கு மேற்கே வாய்க்கால் தண்ணீரில் நெல் போடுகிற எங்கள் ஊரில் அந்தப் படிப்பின் பெயரை யாரும் முழுசாகச் சொன்னது கிடையாது. அப்பா "பெரிய கரண்டுப் படிப்பு" என்பார். லீவில் ஊருக்குப் போனால், "மாப்ள, வீட்டுல ஃபேன் சுத்த மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாரு" என்று யாராவது கூப்பிடுவார்கள். போய்ப் பார்ப்பேன். நான் பார்த்த பிறகும் அது சுத்தாது. "இம்புட்டு வருஷமா இவன் என்னத்தப்பா படிக்கிறான்?" என்று நான் தெருமுனை திரும்புவதற்குள் கேட்டுவிடுவார்கள்.

அந்தப் பட்டத்தை வாங்க என்னென்ன வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குக்கூடப் பத்துப் பொருத்தம் பார்த்தால் முடிந்தது. இதற்கு அப்படி இல்லை. இத்தனை பாடம் தேற வேண்டும், செமினார் கொடுக்க வேண்டும், ஆய்வேடு எழுத வேண்டும், ஆய்வேட்டில் இடது பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், வரிக்கும் வரிக்கும் நடுவே இவ்வளவு இடம் விட வேண்டும், அட்டை கறுப்பாக இருக்க வேண்டும் (அடுத்த கல்லூரியில் நீலம், மாற்றிப் போட்டு ஒருவன் ஆறு மாதம் அழுதான்), வெளியூரிலிருந்து வருகிற பரீட்சகர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் கீழே, பொடி எழுத்தில், எனக்கென்றே போட்ட மாதிரி ஒரு வரி: கருவி ஏதும் செய்திருந்தால் அது பரீட்சகர் கண்ணெதிரே ஓடிக் காட்ட வேண்டும்.

நான் கருவி செய்திருந்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

செல்லூரில் சந்துக்குச் சந்து விசைத்தறி. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று அறுந்துவிட்டால், ஆள் கவனிக்கிறவரை தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் கோடு விழுந்துவிடும். நான் செய்த கருவி அதைத் தடுக்கும். பாவுக்குக் கீழே இந்த ஓரம் ஒரு விளக்கு, அந்த ஓரம் ஒரு மின்கண். நூல் அறுந்து தொங்கினால் வெளிச்சத்தை மறைக்கும். மறைத்ததும், அந்த மின்கண் ஒரு பெட்டிக்குள் இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லும். அது 'டக்'கென்று தறியை நிறுத்தும். சொல்ல நாலு வரி. செய்ய எனக்கு ஒன்றரை வருஷம்.

தறியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போக முடியாது. அதனால் செல்லூரில் காஜா பாய் என்பவரின் தறிக்கூடத்தில்தான் வேலை எல்லாம். பன்னிரண்டு தறி. அதில் நாலு தறியை ஒற்றை ஆளாக ஓட்டியவர் மூக்கம்மா அக்கா. நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய், இடுப்பில் செருகிய சேலை, காதைப் பிளக்கிற தறிச் சத்தத்திலும் எந்தத் தறியில் எந்த மூலையில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும். என் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நாளைக்கு முப்பது தடவை நூலை அறுத்து விடச் சொல்வேன். அறுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடியும் அறுத்து, ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "தம்பி பாஸானா எனக்கு என்ன வாங்கித் தருவ?" என்று மட்டும் கேட்கும். அல்வா என்பேன். "அல்வாவா? எனக்குக் காராச்சேவு" என்று சிரிக்கும்.

இவ்வளவு நல்லது செய்த மனுஷிக்கு நான் பதிலுக்குச் செய்தது பகுத்தறிவுப் பிரச்சாரம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா நாலு தறிக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும். காஜா பாய் அதைத் தடுத்ததே இல்லை. "அவுக வைக்கிறதை வைக்கட்டும். நான் ஜும்மாவுக்குப் போறேன்ல, அது மாதிரி" என்பார். மெத்தப் படித்த எனக்குத்தான் பொறுக்கவில்லை. விடுதியில் நான் பெரிய பகுத்தறிவாளன்; பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நடந்து காட்டுகிறவன். (பூனை பயந்ததே தவிர ஒரு நண்பனும் திருந்தவில்லை.) "அக்கா, எங்கே வேணும்னாலும் பொட்டு வைங்க. என் மிஷின் பக்கம் மட்டும் வராதீங்க. இது விஞ்ஞானம்" என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? அட்டையில் 'தொடாதே' என்று எழுதிப் பெட்டி மேல் தொங்கவும் விட்டேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டு, "சரிப்பா, நான் ஏன் அந்தப் பக்கம் போறேன்" என்றது. சொன்ன சொல் தவறவில்லை. பெட்டியைச் சுற்றி நாலு விரல்கடை இடம் விட்டுத்தான் கூட்டிப் பெருக்கும்.

பரீட்சகர் மெட்ராஸிலிருந்து வருகிற நாளும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது.

அந்த ஒரு நாளின் மேல் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. மாசக் கடைசிக்குள் எம்.இ. தேறிய சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்தப் பரீட்சகர் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் ரயில் ஏறினால் மறுபடி ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். ஊரில் அம்மா அதற்குள் எல்லாரிடமும் "மகன் காலேசு வாத்தியாராயிட்டான்" என்று சொல்லிவிட்டது. எதிர்த்த வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் பீடியை மறைக்க ஆரம்பித்திருந்தார்கள். இனி ஊர் திரும்பி, "இல்லை, இன்னும் மாணவன்தான்" என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் அம்மா டவுன் பஸ் பிடித்து விடுதி வாசலுக்கு வந்துவிட்டது. அழகர்கோவிலுக்குப் போய் வந்த கையோடு வாழை இலையில் மடித்த சந்தனப் பொட்டலம். "அந்த மிஷினுக்கு எதுக்கும் ஒரு பொட்டு வச்சுடுப்பா" என்றது.

"அம்மா, அது இன்டகிரேட்டட் சர்க்யூட்" என்றேன்.

"இருக்கட்டும். அதுக்கும் சேர்த்து வையி" என்று என் சட்டைப் பையில் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கே தறிக்கூடத்தின் சாவியை பாயிடம் வாங்கி, தனியாக உள்ளே போனேன். பன்னிரண்டு தறியும் சத்தமில்லாமல் நின்றன. கருவியைப் போட்டுத் தறியைத் தட்டிவிட்டேன், ஓடியது. நூலை அறுத்தேன், நின்றது. எல்லாம் சரி. ஆனால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வாசலை ஒருமுறை பார்த்தேன். யாரும் இல்லை. பெட்டியின் மூடியைத் திறந்து, வெளியே தெரியாதபடி மூடியின் உள்பக்கம், கட்டை விரலால் ஒரு பொட்டு வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (பகுத்தறிவு எல்லாம் பரீட்சை இல்லாத நாளைக்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.) பிறகு மூடியை மூடி, வழக்கமாகக் கடைசியில் செய்கிற ஒரு வேலையைச் செய்தேன். மின்கண்ணின் முகப்பில் தூசி இருக்கக் கூடாது என்று ஒரு துடைப்புத் துடைப்பேன். துடைத்தேன். அதே கட்டை விரலால்.

பத்தரை மணிக்கு என் கைடும் பரீட்சகரும் அம்பாஸடரில் வந்து இறங்கினார்கள். பரீட்சகர் ஒல்லியான மனுஷர். கோட்டு போட்டிருந்தார், செல்லூர் வெயிலில். எங்கள் கைடு பேராசிரியர் நல்லவர்தான், ஆனால் வெளியூர்ப் பரீட்சகர் யாராவது வந்துவிட்டால் தானே பரீட்சை எழுதுகிற மாதிரி வியர்த்துப் போவார். காஜா பாய் வெள்ளை ஜிப்பாவில், அத்தர் வாசனையோடு, கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். "பன்னெண்டேகாலுக்கு நான் பள்ளிவாசலுக்குக் கிளம்பணும், அதுக்குள்ள முடிச்சிருவீங்கல்ல தம்பி?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பதினஞ்சு நிமிஷம் போதும் பாய்" என்றேன்.

நாலு நிமிஷம் இங்கிலீஷில் விளக்கினேன். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையசைத்தேன். அக்கா தறியைத் தட்டிவிட்டது. 'டக்.' நின்றுவிட்டது.

சிரித்தேன். "ஸ்டார்ட்டிங் ட்ரபிள் சார்." மறுபடி. 'டக்.' மறுபடி. 'டக்.' பதினாலு தடவை. ஒரு தடவைகூட அந்தத் தறி ஒரு சாண் நெய்யவில்லை. இத்தனைக்கும் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். (மூடியை யாருக்கும் காட்டாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.) ஐ.சி.யைக் கழற்றி மாட்டினேன். புரோகிராமை எண் எண்ணாக முதலிலிருந்து அழுத்தினேன். வயரை ஆட்டினேன். அப்புறம் பரீட்சகரிடம், "சார், இந்த ஏரியாவில் வோல்டேஜ் ரொம்பக் கம்மி" என்றேன்.

"இல்லையே தம்பி, மத்த பதினோரு தறியும் நல்லாத்தானே ஓடுது?" என்றார் காஜா பாய். உதவி செய்கிறதாக நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

மணி பதினொன்றே முக்கால். கைடு கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பரீட்சகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சும்மா நிற்பானேன் என்று குனிந்து தறியின் அடியில் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மிஸ்டர், இந்த மஞ்சளா இருக்கிறது என்ன?"

மின்கண்ணின் முகப்பில் காய்ந்து அப்பியிருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தார். "சந்தனம்!"

அடுத்த ஒரு நிமிஷத்தை என் வாழ்க்கையிலிருந்து வெட்டி எறிய முடியுமானால் எறிந்துவிடுவேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. காலையில் நான் செய்தது ஞாபகத்திலேயே இல்லை. சந்தனம் என்றால் மூக்கம்மா அக்கா, அவ்வளவுதான். திரும்பிக் கத்தினேன்.

"எத்தனை தடவை சொன்னேன் உனக்கு! அட்டையில் எழுதிப் போட்டேனே, கண்ணு தெரியலையா? தொட்டதுக்கெல்லாம் பொட்டு! படிக்காத ஜனங்க கையில் கொடுத்தால் இப்படித்தான் சார். ஒன்றரை வருஷ உழைப்பை ஒரு பொட்டில் நாசமாக்கிட்டா சார் இவ!"

ஒன்றரை வருஷமாக 'நீங்க, வாங்க, அக்கா' என்று கூப்பிட்ட வாய். என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் இளையவள். தறிக்கூடத்து ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வாயைத் திறந்தது, ஆனால் நான் விட்டால்தானே. மூடநம்பிக்கை நாட்டை எப்படிக் கெடுக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பேசிக்கொண்டே முகத்து வியர்வையை வழித்தேன். கட்டை விரல் மூக்கைத் தாண்டியது.

கம்மென்று சந்தன வாசனை.

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. காலையில் நடந்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் மஞ்சள். சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பரீட்சகர் கவனிக்கவில்லை. கைடு கவனிக்கவில்லை. அக்கா கவனித்துவிட்டது. என் கை போன இடத்தைப் பார்த்தது, அப்புறம் என் முகத்தைப் பார்த்தது.

"நீதான் வச்சியாம்மா?" என்றார் பரீட்சகர்.

அக்கா ஒரு விநாடிதான் யோசித்தது. "ஆமாங்கய்யா. வெள்ளிக்கிழமையாச்சேன்னு வச்சுட்டேன். தம்பி மேல தப்பில்ல. அது வைக்காதன்னுதான் சொல்லுச்சு" என்றது.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே, "இல்லை சார், நான்தான்" என்று மூன்றே மூன்று வார்த்தை. வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அக்கா தன் சேலைத் தலைப்பாலேயே மின்கண்ணைத் துடைத்தது. தறியைத் தட்டியது. ஓடியது. நடுவில் ஒரு நூலை அறுத்தது. 'டக்.' முடிச்சுப் போட்டுத் தட்டியது. ஓடியது. ஐந்து தடவை அறுத்தது, ஐந்து தடவையும் நின்றது. பரீட்சகர் முதல்முறையாகச் சிரித்தார். "வெரி குட்" என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். (இடது கையைக் கொடுத்தேன். வலது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.)

காஜா பாய்க்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. பெரிய மனுஷர்கள் முன்னால் தன் கூடத்துக்குக் கெட்ட பேர் வந்துவிட்டதே என்ற கோபம். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டே, "மூக்கம்மா, நாளையிலருந்து நீ தறிப் பக்கம் போக வேணாம். தார் சுத்து" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். தார் சுற்றுவது என்றால் மூலையில் உட்கார்ந்து, குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. புதுசாக வருகிற சின்னப் பெண்களுக்குக் கொடுப்பது.

மத்தியானம் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் பரீட்சகர் சொன்னார்: "பாஸ் பண்ணுகிறேன். ஒரே ஒரு திருத்தம். முடிவுரையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சோதனையின்போது ஏற்பட்ட கோளாறு தறி ஓட்டுபவரின் அறியாமையால் வந்தது, அதற்குத் தகுந்த பாதுகாப்பு வேண்டும் என்று. பக்கத்தை டைப் அடித்து, ஏழு மணி ரயிலுக்கு முன்னால் ஸ்டேஷனுக்குக் கொண்டு வா. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டையும் அங்கேயே தருகிறேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திரும்ப எடுக்கச் செல்லூருக்குப் போனேன். அக்காவுடைய நாலு தறியையும் வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை வரை காத்திருப்பானேன் என்று அக்காவே போய் மூலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தது.

"பாஸாயிட்டியா தம்பி?"

"ம்..."

"நல்லாருப்ப. உங்க ஆத்தாட்ட போயி மொதல்ல சொல்லு" என்றது. அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை, ஒரு முகக்கோணல் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பெட்டியைக் கேரியரில் கட்டும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயிறு முடிச்சே விழவில்லை.

வைகைப் பாலத்தைத் தாண்டி சிம்மக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அங்கே மாஸ்டர் ஐந்து தாளும் நாலு கார்பனும் அடுக்கி மாட்டினார். "சொல்லு, சொல்லு, அடிச்சா அடிச்சதுதான், மாத்த முடியாது" என்றார். சொன்னேன். பழைய பத்திகளை முடித்துப் புது வரிக்கு வந்தோம். 'கோளாறு தறி ஓட்டுபவரின்' என்று இங்கிலீஷில் சொல்லி நிறுத்தினேன்.

"ம், தறி ஓட்டுபவரின்?"

அந்தத் தறி ஓட்டுபவர் மூலையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தாள் நூலகத்தில் இருக்கும். அவருக்குத் தெரியாத பாஷையில், அவரைப் பற்றி, பொய்யாக, நான் செத்த பிறகும் இருக்கும்.

"மாஸ்டர், மாத்திக்கிறேன்."

"மாத்திக்கிறியா? ஏம்ப்பா, அஞ்சு தாளு, நாலு கார்பனு! நான் என்ன சிலேட்டுலயா எழுதுறேன்?" என்று கத்தினார். பிடுங்கிக் கசக்கி எறிந்தார். புதுசாக மாட்டினார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கடைசி வரியாக, 'சோதனையின்போது ஏற்பட்ட கோளாறு என்னால் ஏற்பட்டது. மின்கண்ணில் சந்தனத்தைத் தடவியது நான்தான்' என்று சொன்னேன். மாஸ்டர் அடித்துவிட்டுத் தாளை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். டைப்ரைட்டிங் மாஸ்டர்கள் எத்தனையோ பார்த்தவர்கள்.

ஆறே முக்காலுக்கு மதுரை ஜங்ஷனில் மூச்சிரைக்க நின்றேன். பரீட்சகர் ஜன்னலோரம் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். வழியனுப்ப வந்த கைடு பிளாட்பாரத்தில். தாளை நீட்டினேன். பரீட்சகர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"என்ன இது? அந்த அம்மாதான் வைத்தேன் என்றாளே?"

"பொய் சார். என்னைக் காப்பாத்த அக்கா அப்படிச் சொன்னது. நான்தான். அம்மா கொடுத்த சந்தனம்." கட்டை விரலை ஜன்னலுக்குள் நீட்டினேன். அதைச் சாட்சிக்காகக் கழுவாமல் வைத்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அன்றைக்கு முழுக்கக் கை கழுவ நேரமே கிடைக்கவில்லை.

கைடு தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய், மூடிட்டுச் சொன்னதை எழுதிட்டு வந்திருக்கக் கூடாதா? போச்சு, எல்லாம் போச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். எஞ்சின் ஊதியது. என் வேலை, அம்மாவின் பேச்சு, எதிர்வீட்டுக்காரரின் பீடி எல்லாம் அந்த வண்டியோடு மெட்ராஸுக்குப் போகப்போகிறது என்று நின்றேன்.

பரீட்சகர் கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோபமாகத்தான் இருந்தார். "ஆய்வேட்டில் 'நான்', 'எனக்கு' எல்லாம் வரக் கூடாது என்று விதிமுறையில் படிக்கவில்லையா? 'ஆய்வாளர்' என்றுதான் போட வேண்டும். எம்.இ. முடிக்கிற வரைக்கும் இதுகூடத் தெரியாதா?" என்று இரண்டு இடத்தில் அடித்து அவரே எழுதினார். ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டையும் கையெழுத்தோடு நீட்டினார். வண்டி நகர்ந்துவிட்டது. தாளில் ஒரு மூலையில் சட்னி பட்டிருந்தது.

இருட்டிய பிறகு செல்லூர் போய்ச் சேர்ந்தேன். பாயும் அக்காவும் இருக்கும்போதே, எல்லாரும் கேட்கிற மாதிரி, நான்தான் செய்தேன் என்று சொன்னேன். காஜா பாய் வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே! ஏம்மா, நீ வைக்கலேன்னா ஏன் வச்சேன்னு சொன்ன? போ, போ, உன் தறியைப் போய்ப் பாரு மொதல்ல" என்றார்.

அக்காவுக்குத்தான் பொல்லாத கோபம். "கிறுக்குப் பயலே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒனக்காக ஒரு பொய் சொன்னேனேடா. அதையும் இப்படி வீணாக்கிட்டியே! பாவம் எனக்கு, பலன் யாருக்கும் இல்லாமப் போச்சே!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "மன்னிச்சிருங்கக்கா, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்" என்றேன். "போடா, காராச்சேவு வாங்கிட்டு வா" என்றது. ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனேன்.

வேலை கிடைத்தது. வாத்தியாராகவே ஓய்வும் பெற்றேன். கல்யாணமான புதிதில் என் மனைவி, புருஷன் என்னதான் படித்தான் என்று பார்க்க ஆய்வேட்டைப் புரட்டினாள். அவள் தமிழ் இலக்கியம் படித்தவள். எண்பத்து இரண்டு பக்கம் ஒன்றும் புரியவில்லை. எண்பத்து மூன்றாம் பக்கம் மட்டும் புரிந்தது. 'சோதனையின்போது ஏற்பட்ட கோளாறு ஆய்வாளரால் ஏற்பட்டது. மின்கண்ணில் சந்தனத்தைத் தடவியவர் ஆய்வாளரே.' அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

அப்போதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம். சாவி தொலைந்ததற்கோ, பால் பொங்கி வழிந்ததற்கோ நான் வேறு யார் மேலாவது பாய்ந்தால், எந்த அறையிலிருந்தாவது ஒரு குரல் வரும்: "எண்பத்து மூணு!" நான் வாயை மூடிக்கொள்வேன். ஏனென்றால் பெரும்பாலும் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

போன மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல்முறை விருந்துக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவே யாரோ "எண்பத்து மூணு" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை விழித்தார். "அது என்ன மாமா?"

எங்கள் வீட்டு வழக்கப்படி அதை வேறு யாரும் சொல்லக் கூடாது. நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். அம்பாஸடர் வந்ததை, சோடா உடைத்ததை, பதினாலு தடவை 'டக்' என்றதை எல்லாம் நடித்தே காட்டினேன். மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது. அப்புறம் அக்காவை நான் திட்டின இடம் வந்தது. எப்போதும் போல அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லித் தாண்டப் பார்த்தேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"அந்த இடத்தை மெதுவாச் சொல்லுங்க."